வயிறு இறங்கிவிட்டதா? கடைசி மாதத்துத் தாய்மாருக்குச் சில வழிகாட்டல்கள்

வன்னியில் ஒரு பெண்ணுக்கு ஒன்பதாம் மாதம் பிறந்துவிட்டால் படலைக்குள் வருகிற ஆளெல்லாம் வயிற்றைத்தான் பார்ப்பார்கள். "வயிறு இறங்கிட்டுது, இனிக் கிட்டத்தான்" என்பார் ஒருவர். "இன்னும் மேலதான் நிக்குது, ஆம்பிளைப் பிள்ளையாக்கும்" என்பார் மற்றவர். இரண்டையும் கேட்டுக் குழம்பிப்போய்க் கிளினிக்குக்கு வருகிற தங்கச்சிமார் என்னிடம் கேட்கிற முதற் கேள்வி, "மிஸ், பிள்ளை இறங்கிட்டுதா?" என்பதுதான். நான் ஒட்டுசுட்டானை அண்டிய கிராமங்களில் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்கிறேன். கிளினிக் நாளில் ஒவ்வொருவருடனும் ஆறுதலாக இருந்து கதைக்க நேரம் கிடைப்பதில்லை. அங்கே சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளை இறங்குவதை வைத்துப் பிரசவ நாளைக் கணிக்க முடியாது. முதற் பிள்ளைக்கு அது ஒரு நல்ல சேதி, அவ்வளவுதான். இரண்டாவது, மூன்றாவது பிள்ளை என்றால், "வயிறு இறங்கட்டும், பிறகு போவோம்" என்று வீட்டில் பார்த்துக்கொண்டிருப்பது சரியான ஆபத்து. ஆஸ்பத்திரி பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிற ஊரில் அந்தக் கணக்குப் பிழைத்தாலும் சமாளிக்கலாம். எங்கள் பக்கத்தில் சமாளிக்க முடியாது.

உள்ளே என்ன நடக்கிறது

இடுப்பெலும்புக் கூட்டுக்கு மேல்வாய் ஒன்று, கீழ்வாய் ஒன்று உண்டு. மேல்வாய் பக்கவாட்டில் அகலமானது: ஏறத்தாழ 13 சென்ரிமீற்றர். முன்பின்னாக 11 தான். கீழ்வாய் இதற்கு மாறாக, முன்பின்னாக நீண்டிருக்கும். நிறைமாதப் பிள்ளையின் தலையில் மிக அகலமான குறுக்களவு, அதாவது காதுகளுக்கு மேலே ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம், 9.5 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். அந்த அகலமான பகுதி மேல்வாயைத் தாண்டி உள்ளே போய்விட்டால்தான் நாங்கள் "தலை அமர்ந்துவிட்டது" என்று எழுதுவோம். வெளியில் பார்க்க வயிறு சரிந்து தெரிவது வேறு, தலை அமர்வது வேறு.

இறுக்கமான வளையலைக் கையில் போடும்போது விரல்களைக் கூட்டி, கையைக் கொஞ்சம் திருப்பித்தானே உள்ளே தள்ளுகிறோம்? பிள்ளையும் அதைத்தான் செய்கிறது. நாடியை நெஞ்சோடு ஒட்டித் தலையைக் குனிந்து, முகத்தைத் தாயின் இடுப்பின் ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு மேல்வாய்க்குள் நுழையும். கீழே போகப் போகத் திரும்பி, முகம் தாயின் முதுகைப் பார்க்க வெளியே வரும். தலை நன்றாகக் குனிந்திருந்தால் சின்ன அளவு முன்னுக்கு வரும். நிமிர்ந்திருந்தாலோ, பிள்ளையின் முதுகு தாயின் முள்ளந்தண்டோடு ஒட்டியிருந்தாலோ பெரிய அளவு வந்து மேல்வாயில் தங்கி நிற்கும். அப்படி நிற்கிற பிள்ளைகளில் அநேகம் பிரசவ நோ தொடங்கிய பிறகு தாங்களாகவே திரும்பிவிடும்.

முதற் பிள்ளைக்கு வயிற்றுத் தசை இறுக்கமாக இருக்கும். கடைசிக் கிழமைகளில் கருப்பையின் கீழ்ப்பகுதி விரியும், இடுப்பு மூட்டுகளின் நார்கள் இளகும், அவ்வப்போது பொய் நோ வந்து வயிறு கல்லுப்போல இறுகி விடும். இவையெல்லாம் சேர்ந்து பிள்ளையைக் கீழே அமர்த்தும். அநேகமாக 36 கிழமைக்குப் பிறகு, பிரசவத்துக்கு இரண்டு தொடக்கம் நாலு கிழமைக்கு முன் இது நடக்கும். நோ தொடங்கும்வரை இறங்காத முதற் பிள்ளைகளும் உண்டு. முன்பு பெற்ற வயிறு இளகிப்போய் இருப்பதால் அடுத்த பிள்ளைகள் மேலேயே மிதந்துகொண்டு நிற்கும். நோ பிடித்த பிறகு ஒரேயடியாக இறங்கி வருவதுதான் அவர்களின் வழக்கம்.

ஆம்பிளைப் பிள்ளை மேலே நிற்கும், பொம்பிளைப் பிள்ளை இறங்கும் என்பதில் உண்மை எதுவும் இல்லை.

வீட்டில் எப்படிக் கண்டுகொள்வது

முதலில் மூச்சு. இரவில் மூன்று தலையணை வைத்துப் படுத்தவருக்கு ஒன்று போதுமாகிவிடும். விலா எலும்புக்குக் கீழே பிள்ளையின் கால் குத்திக்கொண்டிருந்தது குறையும். மார்புக்கும் வயிற்றின் மேல்விளிம்புக்கும் இடையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். முந்தின கிழமை இடமில்லாத இடத்தில் இப்போது கை அமரும். நெஞ்செரிவு தணியும். நாலு வாய் சோற்றோடு எழும்பியவர் ஒரு கோப்பை சோறு சாப்பிடுவார். சில தாய்மார் இதைப் பார்த்துவிட்டு "மிஸ், திடீரெண்டு பசிக்குது" என்று பயந்து கேட்பார்கள். வயிற்றுக்கு இடம் கிடைத்திருக்கிறது, நன்றாகச் சாப்பிடுங்கள்.

மேலே கிடைத்த சுகத்துக்குக் கீழே விலை கொடுக்க வேண்டும். சலப்பைக்கு மேலே தலை அமர்வதால் மணித்தியாலத்துக்கு ஒரு முறை எழும்ப வேண்டி வரும். நடை அகலும். தொடையிடுக்கில் கரண்ட் அடித்தமாதிரி ஒரு குத்து வந்து போகும். அது நரம்பில் தலை முட்டுவதால் வருவது, நின்று மூச்செடுத்தால் போய்விடும். நாரியுளைவு கூடும். வெள்ளைபடுதலும் கொஞ்சம் கூடும். வெள்ளைபடுதல் நாறினாலோ, சலம் எரிந்து போனாலோ, அதை இறக்கத்தின் கணக்கில் போடாமல் கிளினிக்கில் காட்டுங்கள். கிருமித்தொற்று நோவை முந்திக் கொண்டுவரக்கூடியது.

ஒன்றை மட்டும் எல்லாருக்கும் சொல்லி வைக்கிறேன். "இறங்கினாப் பிறகு பிள்ளை துடிக்காது, இடமில்லைத்தானே" என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். அது பிழை. துடிப்பின் விதம் மாறும். குத்துவதும் உதைப்பதும் குறைந்து நெளிவதும் உருள்வதுமாகத் தெரியும். எண்ணிக்கை குறையக்கூடாது. உங்கள் பிள்ளை வழமையாக எந்த நேரம் எப்படித் துடிக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். அது குறைந்தது என்று மனதுக்குப் பட்டால், இனிப்புத் தேத்தண்ணி குடித்துவிட்டு நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்காதீர்கள். அன்றைக்கே, அந்த நேரமே ஆஸ்பத்திரி.

கிளினிக்கில் நாங்கள் கை வைத்துப் பார்ப்பது

சலம் கழித்துவிட்டு வரச் சொல்வது சும்மா இல்லை. நிறைந்த சலப்பை தலையை மேலே தூக்கி வைத்திருக்கும், எங்கள் கைக்குத் தலை எது சலப்பை எது என்று பிடிபடாது. கட்டிலில் மல்லாந்து படுத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கினால் வயிறு இளகும். பயத்தில் வயிற்றை இறுக்கிக்கொண்டால் வாயைத் திறந்து மூச்சை விடுங்கள்.

முதலில் இரண்டு கையையும் வயிற்றின் மேல்விளிம்பில் வைப்போம். மெத்தென்று, ஒழுங்கில்லாத உருவமாகத் தட்டுப்பட்டால் அது பிள்ளையின் பிட்டம். பிறகு பக்கங்கள். ஒரு பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரே கெட்டியாக ஓடினால் முதுகு; மற்றப் பக்கத்தில் சின்னச் சின்ன முடிச்சுகள் கைக்கு அகப்பட்டு நழுவினால் கையும் காலும். பிள்ளையின் இதயத் துடிப்பு முதுகுப் பக்கத்தில்தான் தெளிவாகக் கேட்கும். தலை இறங்க இறங்க அந்தச் சத்தம் கேட்கிற இடமும் கீழே, நடுக்கோட்டை நோக்கி நகரும்.

கடைசியாக உங்கள் கால்மாட்டைப் பார்க்கத் திரும்பி நின்று, இரண்டு கை விரல்களையும் அடிவயிற்றின் இரு பக்கத்தாலும் இடுப்பெலும்பை நோக்கி மெல்ல இறக்குவோம். தலை என்றால் உருண்டையாக, கடினமாக இருக்கும். விரல்கள் தலைக்குக் கீழே ஒன்றையொன்று கிட்டி, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்ட முடிந்தால் அது இன்னும் மிதக்கிறது. விரல்கள் சந்திக்காமல் விலகிப் போய், தலை ஆடாமல் நின்றால் அமர்ந்துவிட்டது. தலையை ஐந்து பங்காக மனதில் பிரித்து, அதில் எத்தனை பங்கு இன்னும் கைக்குத் தட்டுப்படுகிறது என்று சில டொக்டர்மார் எழுதுவார்கள். 5/5 என்றால் முழுத் தலையும் மேலே நிற்கிறது. 2/5 என்றால் அமர்ந்துவிட்டது. நல்ல மாக்ஸ் வாங்கவேண்டும் என்ற பழக்கத்தில், 2/5 ஐப் பார்த்துக் கவலைப்பட்ட தாய்மார் உண்டு. இங்கே எண் குறையக் குறைய நல்லது.

நாடாவால் அளக்கிற அளவும் இந்த நேரம் குறையலாம். 36 கிழமையில் நெஞ்செலும்பின் நுனிவரை போன வயிறு, தலை அமர்ந்ததும் சில சென்ரிமீற்றர் இறங்கும். பிள்ளை வளரவில்லை என்று அர்த்தமில்லை. ஆனால் தலை மிதந்துகொண்டிருக்கும்போதே அளவு குறைந்தால் கதை வேறு. பன்னீர்க்குட நீரையும் பிள்ளையின் வளர்ச்சியையும் ஸ்கானில் பார்க்க வேண்டும். அனுப்பினால் தட்டிக்கழிக்காமல் போங்கள்.

முதற் பிள்ளை, 38 கிழமை, தலை இன்னும் மேலே என்றால்? பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. திகதி பிழையாகக் கணிக்கப்பட்டிருக்கலாம், பிள்ளை முதுகை முதுகோடு வைத்துக்கொண்டு நிற்கலாம். இருந்தாலும் டொக்டர் ஒரு முறை பார்த்தே ஆகவேண்டும். நஞ்சுக்கொடி கீழே படர்ந்து வழியை மறித்திருந்தாலும், நீர் மிதமிஞ்சி இருந்தாலும், கருப்பையில் கட்டி இருந்தாலும், இடுப்பின் அளவுக்குப் பிள்ளையின் தலை பெரிதாக இருந்தாலும் தலை அமராது. இவற்றில் எதுவும் வெளியில் இருந்து பார்க்கத் தெரியாது.

பிட்டம் கீழே, தலை மேலே என்று கண்டால் 36 கிழமையிலேயே மகப்பேற்று நிபுணரிடம் அனுப்புவோம். நிறைமாதத்தில் நூற்றுக்கு மூன்று நாலு பிள்ளைகள் இப்படி இருக்கும். வெளியிலிருந்து கையால் பிள்ளையைத் திருப்புகிற முறை ஒன்று உண்டு. ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கைகூடும். அதை ஆஸ்பத்திரியில், ஸ்கான் பார்த்து, பிள்ளையின் இதயத் துடிப்பைக் கவனித்தபடி, அவசரம் வந்தால் உடனே ஒப்பரேஷன் செய்ய ஆயத்தமாக இருந்துகொண்டுதான் செய்வார்கள்.

இதனால்தான் வயிறு நீவுகிற விடயத்தில் நான் கொஞ்சமும் இளக மாட்டேன். எண்ணெய் பூசி அடிவயிற்றை நோக்கி அழுத்தி நீவினால் பிள்ளை இறங்கும் என்று இன்னமும் சிலர் செய்கிறார்கள். அழுத்தினால் நஞ்சுக்கொடி கருப்பைச் சுவரை விட்டுப் பிரிய இடமுண்டு. பிரிந்தால் தாயும் பிள்ளையும் சேர்ந்து போகிற ஆபத்து. பழைய மருத்துவிச்சிமார் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 2008, 2009 இல் போருக்குள் இடத்துக்கு இடம் ஓடிக்கொண்டிருந்த சனத்துக்குள் நோ பிடித்த பெண்களைக் கைவிடாமல் பார்த்தவர்களில் அவர்களும் இருந்தார்கள். அன்றைக்கு அப்படிப் பெற்றவர்களில் சிலர் இன்றைக்கு மாமியாக இருக்கிறார்கள். "நாங்கள் பங்கருக்குள்ள பெறேல்லையே" என்று அவர்கள் சொல்லும்போது அதற்குள் இருக்கிற வலி எனக்கு விளங்குகிறது. மாமி, நீங்கள் வேறு வழியில்லாமல் தாங்கியதை மருமகளும் தாங்க வேண்டும் என்று இல்லை. இன்றைக்கு வழி இருக்கிறது. நாரியில், காலில், தோளில் மெதுவாக எண்ணெய் தடவிவிடுங்கள், அது அவளுக்குச் சுகம். வயிற்றை விடுங்கள்.

விளக்கெண்ணெய் குடிப்பதும் வேண்டாம். அது வயிற்றோட்டத்தைத் தந்து உடம்பு நீரை வற்றவைக்கும், நோவையும் தாறுமாறாக எழுப்பும். பிள்ளையின் தலையைக் கீழே இறக்குகிற மருந்தோ கஷாயமோ இல்லை.

பிள்ளைக்கு இடம் கொடுப்பது

நீங்கள் செய்யக்கூடியவை கொஞ்சம் உண்டு. இவை பிள்ளையைத் திருப்பியே விடும் என்று வாக்குத் தரமாட்டேன். உடம்புக்குச் சுகம் தரும், வழியை மறிக்காமல் இருக்கும்.

சலத்தை அடக்கி வைக்காதீர்கள். பஸ்ஸில் மாங்குளம் போகவேண்டும், வழியில் மலசலகூடம் இல்லை என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் கிளினிக்குக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் வெயிலுக்கு அது கூடாது. தண்ணீர்ப் போத்தலோடு வாருங்கள், வந்ததும் கிளினிக்கில் மலசலகூடம் எது என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மலச்சிக்கலும் இப்படித்தான். இரும்புச்சத்துக் குளிசை போடுகிறவர்களுக்கு அது வரும். அதற்காகக் குளிசையை நிறுத்தாமல், முருங்கையிலை, வல்லாரை, அவரை, பயறு, வாழைப்பழம் என்று சாப்பாட்டைத் திருத்துங்கள். நன்றாகப் பழுத்த பப்பாசி சாப்பிடலாம். பால் வடிகிற காயைத்தான் விடவேண்டும்.

விடியப்புறமும் பொழுதுபட முன்னும் நடவுங்கள். நடந்துகொண்டே கதைக்க முடிகிற வேகம் போதும். நடுவெயிலில் வயல் வரம்பில் நடக்கவேண்டாம். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு நேர்த்தி வைத்து நடந்து போகலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: அம்மனை வீட்டிலிருந்தே கும்பிடுங்கள், பிள்ளை பிறந்த பிறகு தூக்கிக்கொண்டு போங்கள்.

பிளாஸ்ரிக் கதிரையில் சரிந்து, காலை நீட்டி மணிக்கணக்கில் போன் பார்த்துக்கொண்டிருந்தால் நாரி நோகும். முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்க நிமிர்ந்து இருங்கள். நாரியுளைவு கூடினால் மேசையில் கையூன்றி முன்னுக்குச் சாய்ந்து இடுப்பை மெல்ல ஆட்டுங்கள், அல்லது பாயில் கையையும் முழங்காலையும் ஊன்றி நாலு நிமிடம் இருங்கள். முதுகோடு முதுகாகப் பிள்ளை நிற்கிற தாய்மாருக்கு இது நல்ல ஆறுதல் தரும். குந்தியிருக்கிற மலசலகூடம் பழகியவர்கள் பயப்படாமல் குந்தலாம். எழும்பும்போது தலை சுற்றும், பிடித்து எழும்பச் சுவரில் ஏதாவது பிடி வைத்துக்கொடுக்கச் சொல்லுங்கள். படுக்கும்போது பக்கவாட்டில் படுங்கள். இடமோ வலமோ எதுவென்றாலும் சரி, மல்லாந்து மட்டும் வேண்டாம். மல்லாந்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்தி, பிள்ளைக்குப் போகிற இரத்தத்தைக் குறைக்கும். நித்திரையில் புரண்டுவிட்டால் பதற வேண்டாம், திரும்பிப் படுத்தால் போதும்.

கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு பக்கமாகக் காலைப் போட்டுக்கொண்டு போவதைக் கடைசி மாதத்தில் நிறுத்துங்கள். தலை அமர்ந்த இடுப்புக்கு ஒவ்வொரு பள்ளமும் தெரியும், விழுந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறுவதும் அப்படியே. ஓட்டோவை மெதுவாக விடச்சொல்லி வாருங்கள்.

இரண்டாவது, மூன்றாவது பிள்ளைக்காரருக்கு

தங்கச்சி, உங்களுக்கு வயிறு இறங்குவதே தெரியாமல் போகலாம். நோ தொடங்கும்போதும் தலை மேலேயே நிற்கலாம். பிறகு எல்லாம் கெதியாக நடக்கும். முதற் பிள்ளைக்கு ஒரு பகலும் இரவும் நோப்பட்டவர், அடுத்த பிள்ளைக்கு இரண்டு மூன்று மணித்தியாலத்தில் பெற்றுவிடுவது எங்கள் பக்கத்தில் அடிக்கடி காண்பதுதான். மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்கு வீதி 50 கிலோமீற்றருக்குக் கிட்ட. அந்தப் பெரிய வீதிக்கு ஏறவே காட்டுப் பாதையால் வரவேண்டிய குடும்பங்கள் இருக்கின்றன. இரவில் யானை ரோட்டில் நின்றால் வாகனம் காத்திருக்கத்தான் வேண்டும். மாரியில் குளங்கள் வான் பாய்ந்தால் பாதை அறுந்துவிடும். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஆகவே உங்கள் கணக்கு இப்படி இருக்கட்டும். 36 கிழமைக் கிளினிக்கில் மூன்று கேள்வி கேளுங்கள்: தலை கீழே இருக்கிறதா, நஞ்சுக்கொடி எங்கே இருக்கிறது, நான் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். முல்லைத்தீவா, கிளிநொச்சியா, வவுனியாவா, கிட்ட இருக்கிற மல்லாவியா புதுக்குடியிருப்பா என்பது உங்கள் உடம்பு நிலையையும் அங்கே இருக்கிற வசதியையும் பொறுத்தது. முன்பு ஒப்பரேஷன் செய்தவர், பிறஷர் உள்ளவர், நீரிழிவு உள்ளவர், மூன்று நாலு பிள்ளை பெற்றவர் எல்லாரும் நிபுணர் இருக்கிற இடத்துக்குத்தான். வீடு தூரம் என்றால் அதை வாய் திறந்து சொல்லுங்கள். தூரத்தை அறிந்து திகதிக்கு முன்பே வாட்டில் மறித்து வைப்பதுண்டு. அல்லது ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கிற சொந்தக்காரர் வீட்டில் போய் நிற்கலாம். அறுவடைக் காலம், மாட்டைப் பார்க்க ஆளில்லை, மூத்த பிள்ளைக்குப் பரீட்சை என்று ஒவ்வொரு வீட்டிலும் காரணம் இருக்கும். அதையெல்லாம் ஒன்பதாம் மாதத்துக்கு முன்பே பேசி முடித்துவிட வேண்டும். தம்பிமாருக்கும் சொல்கிறேன், இது உங்கள் வேலை.

பல பிள்ளை பெற்ற வயிற்றில் பிள்ளை இன்றைக்குத் தலை கீழாகவும் நாளைக்குக் குறுக்காகவும் கிடக்கும். அப்படி மாறி மாறிக் கிடந்தால் 37 கிழமையிலிருந்தே வாட்டில் நிற்கச் சொல்வார்கள். "வீட்டில சும்மா இருக்கிறதை அங்க ஏன் இருக்கவேணும்" என்று துண்டு வெட்டிக்கொண்டு வராதீர்கள். குறுக்காகக் கிடக்கும்போது பன்னீர்க்குடம் உடைந்தால் தொப்புள்கொடி வழுகி வெளியே வரலாம், அந்த நேரம் பிள்ளைக்கு இருக்கிறது நிமிடக் கணக்குத்தான்.

எப்போது ஓடவேண்டும்

தலை அமர்ந்திருந்தாலும் மிதந்தாலும், பன்னீர்க்குடம் உடைந்தால் நோ வரட்டும் என்று காத்திராமல் புறப்படுங்கள். தலை மேலே நிற்கிறது என்று சொல்லப்பட்டவர்கள் இதில் இன்னும் கவனம். தலை அடைத்துக்கொண்டு நிற்காத இடத்தால் கொடி இறங்கிவிடலாம். அவர்கள் நடக்காமல் இடப்பக்கமாகப் படுத்தபடி போகவேண்டும். வழுவழுப்பான கயிறு மாதிரி ஏதாவது வெளியே தெரிந்தாலோ கைக்குத் தட்டுப்பட்டாலோ அது கொடி. அதைத் தொடவோ உள்ளே தள்ளவோ கூடாது. உடனே முழங்காலையும் முழங்கையையும் நிலத்தில் ஊன்றி, தலை தாழ, இடுப்பு உயர இருங்கள். வாகனத்தில் ஏற்றியதும் இடப்பக்கமாகப் படுத்து இடுப்புக்குக் கீழே தலையணை வையுங்கள். உடைந்த நீர் பச்சையாகவோ மண்ணிறமாகவோ இருந்தால் அதையும் ஆஸ்பத்திரியில் சொல்லுங்கள்.

இரத்தம் போனால், நோவோடு போனாலும் நோவில்லாமல் போனாலும், உடனே. கொஞ்சம் சளியோடு கலந்து கோடுபோல இரத்தம் காண்பது நோ கிட்ட வருகிறது என்ற அறிகுறி. சீலை நனைகிற இரத்தம் அப்படி இல்லை. வயிறு இளகாமல் பலகையாக இறுகி நின்றால் உடனே. தலையிடி விடாமல் இருந்து கண் மங்கினால், நெஞ்சுக்குழிக்குக் கீழே நொந்தால், முகம் வீங்கினால் அது பிறஷரின் வேலை, உடனே. 37 கிழமைக்கு முன் "பிள்ளை கீழே அமத்துது" என்ற உணர்வோடு வயிறு ஒழுங்கான இடைவெளியில் இறுகினால், இறங்குகிறது என்று சந்தோஷப்படாமல் போய்க் காட்டுங்கள், குறைமாத நோவாக இருக்கலாம்.

மற்றப்படி நோ எப்போது உண்மையான நோ? பொய் நோ நடந்தால், படுத்தால், குளித்தால் தணியும். உண்மை நோ தணியாது, இடைவெளி குறுகும், நேரம் நீளும். முதற் பிள்ளை என்றால், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒழுங்காக வரத் தொடங்கியதும் புறப்படுங்கள். பட்டணத்துப் பெண்களுக்குச் சொல்கிற ஐந்து நிமிடக் கணக்கு எங்கள் தூரத்துக்குச் சரிவராது. அடுத்த பிள்ளை என்றால், நோ ஒழுங்காக வருகிறது என்று தெரிந்த உடனேயே புறப்பட வேண்டியதுதான். ஆஸ்பத்திரியில் நோ வந்த பிறகும் கட்டிலிலேயே கிடக்கவேண்டும் என்றில்லை. நேர்ஸ் அனுமதித்தால் எழும்பி நடவுங்கள், நிமிர்ந்து இருங்கள். தொடக்கக் கட்டத்தில் நிமிர்ந்து நடமாடுகிற தாய்மாருக்கு நோ நேரம் குறைகிறது என்பது ஆராய்ந்து கண்டது. பிள்ளை இறங்குவதற்கு அந்த நேரத்தில் செய்யக்கூடிய நல்ல உதவி அதுதான்.

பையை 36 கிழமையிலேயே கட்டி வையுங்கள்: கர்ப்பகால அட்டை, ஸ்கான் துண்டுகள், அடையாள அட்டை, பழைய பருத்திச் சீலை, பிள்ளைக்குத் துணி, உங்களுக்கு மாற்றுடுப்பு, போன் சார்ஜர். ஊரில் இரவில் எழும்பி வரக்கூடிய இரண்டு வாகனக்காரரின் நம்பர் சுவரில் எழுதி இருக்கட்டும். ஒருவர் கொழும்புக்கு ஓட்டம் போயிருந்தால் மற்றவர் வேண்டும்.

1990 க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. அவர்களிடம் முதலில் சொல்லவேண்டியது எத்தனை கிழமை, எத்தனையாவது பிள்ளை, நீர் உடைந்ததா, இரத்தம் போகிறதா என்பது. பிறகு இடம். எங்கள் ஒழுங்கைகளுக்குப் பெயர்ப்பலகை இல்லை. எந்தச் சந்தியால் திரும்ப வேண்டும், எந்தக் கோயில், எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் குளக்கட்டு என்று சொல்லுங்கள். சிக்னல் வீட்டு முற்றத்தில் எங்கே நின்றால் பிடிக்கும் என்பதை இன்றைக்கே பார்த்து வையுங்கள். இரவு என்றால் ஒருவர் ரோச்சோடு சந்தியில் போய் நிற்கவேண்டும்.